துணிக்கடைக்குப் பின்னால் இருந்த காலிமனை

விழுப்புரம் கடைத்தெருவில், அரங்கநாதனின் துணிக்கடை வாசலில் அம்சவள்ளி ஆறு வருடமாக நிற்கிறார். கண்டாச்சிபுரத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து, புடவைக்கு மேல் நீலச் சட்டையை மாட்டி, விசிலைக் கழுத்தில் போட்டால் வேலை ஆரம்பம். கடைக்கு வருகிறவர்களின் வண்டிகளை ஒழுங்காக நிறுத்த வைக்க வேண்டும். அதற்கென்று இடம்தான் கிடையாது. ரோட்டோரத்தில் இருபது வண்டி நிற்கும். அதற்கு மேல் ஒன்று வந்தால் பக்கத்துப் பாத்திரக்கடையின் படியை மறைத்துவிடும். பாத்திரக்கடை விருத்தாசலம் வெளியே வந்து சத்தம் போடுவார். அம்சவள்ளி வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி ஓரடி நகர்த்துவார்.

போன ஆடித் தள்ளுபடியின்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று ஒன்பது வண்டிகளைப் போலீஸ்காரர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அம்சவள்ளி ஓடிப்போய்ச் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. கடைக்குள்ளிருந்து வந்த வண்டிக்காரர்கள் அவரைத்தான் பிடித்துக்கொண்டு திட்டினார்கள். மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கத் திருவெண்ணெய்நல்லூரிலிருந்து வந்திருந்த ஆனந்தராஜ் மட்டும் சத்தம் போடவில்லை. எடுத்து வைத்த புடவைகளை மேஜைமேலேயே விட்டுவிட்டு, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு நடந்தார். அந்தப் பெண் ஒருமுறை கடையைத் திரும்பிப் பார்த்ததை அம்சவள்ளியால் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் முதலாளியிடம் போனார். கடைக்குப் பின்னால் அரங்கநாதனுக்குச் சொந்தமான காலிமனை ஒன்று உண்டு. உடைந்த அலமாரிகளும் கையில்லாத துணிக்கடைப் பொம்மைகளும் அங்கே கிடந்தன. குடோன் கட்டி வாடகைக்கு விட நினைத்திருந்தார். வண்டி நிறுத்த அதைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. வண்டி வைத்திருப்பவர்தான் அதற்கு இடம் பார்க்க வேண்டும், துணி விற்பதோடு தன் வேலை முடிந்தது என்றார்.

"அவங்க ரோட்டப் பாக்க வர்ல சார். நம்ம கடைக்கித்தான் வந்தாங்க" என்றார் அம்சவள்ளி.

அரங்கநாதன் கல்லாப்பணத்தை எண்ணப் போய்விட்டார். ஆனால் அடுத்த வாரம் தன் காரையே நிறுத்த இடம் கிடைக்காமல் தெருவை மூன்றுமுறை சுற்றினார். கடைசியில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் விட்டுவிட்டு வேர்க்க வேர்க்க நடந்து வந்தார். அன்றே மனையைச் சுத்தம் செய்ய ஆள் வைத்தார்.

மனைக்குப் போகும் சந்தோ விருத்தாசலத்துடையது. அதில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார். இரண்டு முதலாளிகளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அதனால் அம்சவள்ளியே பாத்திரக்கடைக்குப் போனார்.

"ஒங்க கடைக்கு வர்றவங்களும் அங்கயே வண்டி உட்டுக்கட்டுங்கண்ணே. நானே பாத்துக்கறேன்."

"இத ஒங்க மொதலாளி சொன்னாரா?"

"நான் சொல்றேன். அவராண்ட இனிமேதான் பேசணும்."

விருத்தாசலம் சிரித்துவிட்டார். பிறகு பெட்டிகளை எடுக்க ஆளைக் கூப்பிட்டார். விஷயம் தெரிந்ததும் அரங்கநாதன் முகம் சுளித்தார். ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டுச் சரி என்றார்.

தீபாவளிக்கு முன்பே தகரக் கூரையோடு மனை தயாராகிவிட்டது. அறுபது வண்டி தாராளமாக நிற்கிறது. எதிர்வரிசை நகைக்கடைக்காரர் தன் கடைக்கு வருகிறவர்களையும் விடலாமா என்று கேட்டனுப்பினார். உங்கள் கடைக்குப் பின்னாலும் இடம் சும்மாதானே கிடக்கிறது என்று அம்சவள்ளி பதில் சொல்லி அனுப்பினார். அங்கேயும் இப்போது புதர் வெட்டுகிறார்கள்.

ஆனந்தராஜ் குடும்பம் திரும்ப வரவில்லை. அது ஒன்றுதான் அம்சவள்ளிக்குக் குறை.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கூட்டம் குறையும். அப்போது நிழலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு டிபன் பாக்ஸைத் திறப்பார். நேற்று அந்த நேரத்தில் ஒரு பெண் மொபெட்டில் வந்து, போகலாமா வேண்டாமா என்று சந்து முனையிலேயே நின்றாள்.

"உள்ள வாம்மா, எடம் இருக்குது" என்று சோற்றுக் கையை உயர்த்திக் கூப்பிட்டார் அம்சவள்ளி.