ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்த கம்ப்யூட்டர்

விஜயதசமியன்று காலையில், குத்தாலம் பக்கம் நெல் உலர்த்தும் ஆலை ஒன்றிலிருந்து கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்று அழைத்தார்கள். குறுவை அறுப்பு நேரம், விடாத மழை வேறு. முற்றத்தில் தார்ப்பாயின் கீழ் நெல் குவிந்து கிடந்தது. ஒரு குவியலின் பக்கத்தில் ஓர் அம்மா குந்தியிருந்தார்.

"ஈரமா இருக்குன்னு கொள்முதல் நிலையத்துல திருப்பி அனுப்பிட்டாங்க தம்பி. முந்தாநேத்து இங்க கொண்டாந்தேன். நேத்து பூஜை, மெஷின் ஓடாதுன்னுட்டாங்க. சீக்கிரம் பாருங்க."

உலர்த்தியை இயக்குவது ஒரு கிழட்டு மென்பொருள். புதுக் கம்ப்யூட்டரில் அது ஓடாது. அதற்காகவே ஒரு விர்ச்சுவல் மெஷின், அதாவது கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய்க் கம்ப்யூட்டர், நான்தான் அமைத்துக் கொடுத்திருந்தேன். இப்போது அதைக் காணோம்.

"என்னண்ணே பண்ணுனீங்க?" என்று முதலாளியைக் கேட்டேன்.

"பூஜைக்கு எல்லாத்தையும் தொடச்சோம். கம்ப்யூட்டர்ல மட்டும் குப்பை இருக்கலாமா? சின்னச் சின்ன ஃபைலையெல்லாம் அழிச்சிட்டேன். பெருசைத் தொடவே இல்ல தம்பி."

மானிட்டரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அந்தச் சின்ன ஃபைல்களில்தான் மெஷினின் அமைப்பு விவரங்கள் இருந்தன. மிஞ்சிய பெரியது அதன் டிஸ்க். புதிதாக ஒரு மெஷினை உருவாக்கி அந்த டிஸ்க்கை மாட்டினேன். மெஷின் எழவில்லை, பிழை சொல்லும் நீலத் திரைதான் வந்தது. மெமரியைக் கூட்டினேன், குறைத்தேன். மறுபடி நீலத் திரை. வெளியே அந்த அம்மா தார்ப்பாயைத் தூக்கித் தூக்கி நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். நெல் புழுங்கும் வாடை அறைவரை வந்தது. ஐந்து வேளை தொழும் வீட்டில் பிறந்த நான், வேளாங்கண்ணி மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டேன்.

சாயங்காலம்தான் உறைத்தது. பழைய சிஸ்டத்துக்கு டிஸ்க்கைப் பழைய வகை இணைப்பில் மாட்ட வேண்டும். நானோ காலையிலிருந்து புது வகையிலேயே மாட்டிக்கொண்டிருந்தேன். மாற்றினேன். மெஷின் எழுந்துவிட்டது, உலர்த்தியும் ஓடத் தொடங்கியது. முதலாளி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

நான் வெளியே ஓடினேன். "ஓடுதும்மா! உங்க நெல்லைத்தான் முதல்ல போடச் சொல்லியிருக்கேன்."

அவர் குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி என்னிடம் நீட்டினார். நெல்லுக்கு நெல் வெள்ளையாக முளை விட்டிருந்தது.

"இனிமே காய வச்சு என்ன தம்பி பண்றது?" என்றார்.