லெப்ட் கார்னரின் சம்பளம்

கடைசி வரி

கபடிப் போட்டிகளில் அணிப் பட்டியல் படிவம் ஒரே பக்கம்தான். அதில் பன்னிரண்டு வரிகள் இருக்கும். அன்று காலை எங்கள் அணியில் பதின்மூன்று பேர் இருந்தார்கள். ஒன்பது மணிக்குள் படிவத்தைக் கொடுத்தாக வேண்டும். எட்டரை மணிக்கு நாமக்கல் மைதானத்துக்கு வெளியே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பதினோரு பெயர்களை எழுதி முடித்திருந்தேன். மிச்சமிருந்த ஒரு வரிக்கு இரண்டு பேர். ஒருவர் வெளியூரிலிருந்து சம்பளத்துக்கு அழைத்து வந்த மூன்றாவது ரைடர், பாடிப் போகிறவர். மற்றவர் மோகனூர் லோகநாதன், எட்டு வருடங்களாக இந்த அணியின் இடது ஓரத்தில் நின்று ரைடரைப் பிடிக்கும் லெப்ட் கார்னர்.

லோகநாதனே அந்த நேரத்தில் பெஞ்சுக்கு வந்தார். உட்காரவில்லை.

"சாருங்க, பட்டியல் எழுதறீங்களா?"

"எழுதிட்டிருக்கேன்."

"எம்பேரு பன்னெண்டாவதா இருந்தாக்கூடப் போதுங்க. லெப்ட் கார்னர்ல புதுசா வந்த ஹரியானாக்காரரே ஆடட்டும். நான் வேண்டாங்கல. ஏதாச்சும் ஒரு ஆட்டத்துல பத்து நிமிஷம் எறக்கி உட்டாப் போதும். செலக்டர் வந்திருக்காருங்க. அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிப்போகும்."

ஓர் அரசுத் துறையின் கபடி அணிக்கு ஆள் எடுக்க அந்தத் தேர்வாளர் வந்திருந்தார். எடுத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலை. லோகநாதன் அப்போது ஒரு முட்டைக் குடோனில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். ஆட்டம் இருக்கும் நாட்களில் அவருக்கு எங்கள் அணி கொடுத்தது பேட்டாவும் சாப்பாடும் மட்டுமே.

"பார்க்கலாம்" என்றேன். நிருபராக இருந்த நாற்பது வருடங்களில் இந்தச் சொல்லைப் பல அதிகாரிகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதன் பொருள் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

நான் எப்படி மேனேஜர் ஆனேன்

சேலத்தில் ஒரு மாலைப் பத்திரிகையில் விளையாட்டு நிருபராக இருந்தேன். பதிப்பை மூடிவிட்டார்கள். அடுத்த மாதமே சென்னியப்பன் என்னை அழைத்தார். திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் ரிக் வண்டிகள் வைத்திருப்பவர். கபடி அணி அவருடைய ஆசை. "ரிப்போர்ட்டரே, யாரு எத்தன புடிச்சான்னு உங்க நோட்டுல இருக்குமில்ல, அந்த நோட்டோட வாங்க" என்றார். போனேன்.

உள்ளூர்ப் பையன்களை வைத்து அவர் அணி பல வருடங்கள் காலிறுதியோடு திரும்பிக்கொண்டிருந்தது. அந்த சீசனில் அவர் பொறுமை இழந்தார். வடக்கிலிருந்தும் மற்ற மாவட்டங்களிலிருந்தும் ஆறு பேரை மாதச் சம்பளத்துக்கு எடுத்தார். தங்குவதற்கு ஏசி அறை, நாளுக்கு இவ்வளவு என்று பாலும் முட்டையும். போட்டியில் இறங்கிய அணிகளில் எங்கள் சம்பளப் பட்டியல்தான் பெரியது. பக்கத்தில் வரக்கூட ஓர் அணி இல்லை.

"முன்னூறு அடியில பாறை வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன்.

"பெரிய கம்ப்ரசர் வெப்பமுங்க. அவ்வளவுதான். சின்ன கம்ப்ரசர வெச்சுக்கிட்டு டிரைவர் நல்லவன், மெக்கானிக்கு நல்லவன்னு பேசிக்கிட்டிருந்தா தண்ணி வராது."

அந்தப் பேச்சில் தப்பு எதையும் நான் காணவில்லை. பணம் கொடுத்தால் அணி ஜெயிக்குமா என்பதைப் பற்றி நான் பத்திரிகையில் எழுதிய நாட்களில், ஜெயிக்காது என்று எழுதுவதே வழக்கம். வாசகர்களுக்கு அதுதான் பிடிக்கும். மைதானத்தில் நான் பார்த்தது வேறு. சம்பளம் அதிகம் வாங்கிய அணி பெரும்பாலும் அரையிறுதிக்கு வந்துவிடும்.

பட்டியல் விஷயத்தில் சென்னியப்பன் முடிவை என்னிடம் விட்டார். ஆனால் ஒன்றைச் சொன்னார். "சம்பளம் குடுத்துக் கூட்டியாந்த ஆள வெளிய உக்கார வெச்சுட்டு, பேட்டாக்காரன உள்ள உட்டா நாலு பேரு சிரிப்பாங்க. பாத்துப் போடுங்க."

நான் நோட்டைத் திறந்தேன். எங்கள் லெப்ட் பக்கம் பிடித்த ரைடர்களில் பெரும்பாலோர் மணிவேல் கணக்கில் இருந்தார்கள். உள்ளூர்ப் பையன் மணிவேல் லெப்ட் இன், அதாவது கார்னருக்கு அடுத்து நிற்பவர். லோகநாதனும் அவரும் கைகோத்து நிற்பார்கள். லோகநாதன் பெயரில் கொஞ்சம்தான் இருந்தது. கபடி ஸ்கோர் ஷீட்டில் முதலில் பாய்ந்தவன் பெயர்தான் ஏறும். அதைத்தான் நானும் குறித்துவைத்திருந்தேன்.

கடைசி வரியில் ரைடரின் பெயரை எழுதினேன். எட்டு ஐம்பதுக்குப் படிவத்தைக் கொடுத்துவிட்டேன்.

பெயர் இல்லை என்று லோகநாதனிடம் சொன்னேன். "அப்பப் பத்தரை பஸ்ஸப் புடிச்சா மத்தியான லோடுக்குப் போயிரலாங்க" என்று சொல்லிவிட்டு, தன் ஜெர்சியை மடித்து என் பையின் மேல் வைத்தார். அணிக்குச் சொந்தமானது, திருப்பித் தர வேண்டும் என்று நினைத்திருக்கிறார்.

அரையிறுதி

லீக் ஆட்டங்களில் எங்களை யாரும் நெருங்க முடியவில்லை. ஹரியானாவிலிருந்து வந்த புது லெப்ட் கார்னர் தரம்வீர் பிடித்த கால் அசையாது. சந்தேகம் வேண்டாம், தனியாளாக அவர் லோகநாதனைவிடப் பெரிய ஆட்டக்காரர்.

ஆனால் அரையிறுதியில் மணிவேல் மூன்று முறை பாய்ந்தார். மூன்றும் தவறான நேரம். முதல் முறை ரைடர் இன்னும் கால் நீட்டவே இல்லை. இரண்டாவது முறை கால் திரும்பிப் போயிருந்தது. மூன்றாவது முறை தரம்வீரும் மணிவேலும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். கேலரியில் ஒருவர், "ஏனுங்க, மொதலாளி ரெண்டு பேருக்கும் தனித்தனியாத்தான் சம்பளம் குடுக்கறாரா?" என்று கத்தினார். கூட்டம் சிரித்தது. மூன்று புள்ளியில் தப்பித்தோம்.

ஆட்டம் முடிந்ததும் மணிவேலைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"என்ன ஆச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்லீங்க."

"நாலு வருஷமா உன்ன எழுதிட்டிருக்கேன். நேரம் தப்பிப் பாஞ்சு நான் பாத்ததில்ல."

துண்டால் முகத்தைத் துடைத்தபடி மணிவேல் சொன்னார்.

"லோகண்ணன் கையில அழுத்துவாருங்க. ரைடரு காலப் பாக்கறது அவரு வேல. பெருவெரல்ல ஒரு அழுத்து அழுத்துனா நான் போயிருவேன். ரெண்டு அழுத்துனா நிப்பேன். வாயத் தொறந்தா ரைடருக்குக் கேட்டுருமில்லீங்க. நான் அவன் காலப் பாத்ததேயில்ல. எனக்குப் பாக்கத் தெரியாதுங்க."

"இதை ஏன் அன்னிக்கே சொல்லல?"

"பேப்பர்ல எம்பேரு வந்துச்சுங்க சார். ஊட்டுல வெட்டி ஒட்டி வெச்சிருக்காங்க. அது அவரு புடிச்சதுன்னு நானாப் போய்ச் சொல்லுவனா?"

அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு வழியில்லை. எழுதியது நான். ஆடுகளத்திலிருந்து பத்தடி தூரத்தில் பத்திரிகையாளர் மேசை. அங்கே உட்கார்ந்து யார் பாய்கிறார் என்று பார்த்தேன். ஏன் அப்போது பாய்ந்தார் என்று ஒருவரையும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

தேர்வாளர்

நேராகத் தேர்வாளரிடம் போனேன். பழைய பழக்கம் உண்டு. லோகநாதனைப் பற்றி நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கையில் எல்லா அணிகளின் பட்டியல் நகலும் இருந்தது. எங்கள் தாளை எடுத்து மேலிருந்து கீழே விரலை ஓட்டினார்.

"இதுல பேரே இல்லையே."

"நான்தான் எழுதாம விட்டேன்."

"நீங்க சொல்றத நான் நம்பறேன் சார். ஆனா எந்த ஆட்டத்துல பாத்தேன்னு எழுதட்டும்? மேல கேப்பாங்கல்ல?"

அவரே, "உங்க டீம்ல நல்லா ஆடறவங்க எல்லாம் வெளிமாநிலம். அவங்கள நான் எடுக்க முடியாது. உங்க பையனுங்கள்ல களத்துல எறங்குனவங்களும் எடுக்கற அளவுக்கு ஆடல" என்றார். குற்றம் சொல்லும் குரலில் அல்ல. வானிலை சொல்வதுபோலச் சொன்னார். எங்கள் அணியிலிருந்து அவர் ஒருவரையும் குறித்துக்கொள்ளவில்லை.

இறுதி ஆட்டத்தில் மணிவேலை உட்கார வைத்தோம். தரம்வீர் தனியாகவே லெப்ட் பக்கத்தைக் காத்தார். இரண்டு புள்ளியில் ஜெயித்தோம். நான் கடைசி வரியில் எழுதிய அந்த மூன்றாவது ரைடர் போட்டி முழுவதிலும் களத்தில் கால் வைக்கவில்லை.

மறுநாள் குடோனுக்குப் போனேன். லோகநாதன் லாரிக்குள் நின்று முட்டை அட்டைகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஜெயிச்சுட்டீங்களாமில்லீங்க?" என்றார்.

"ஜெயிச்சுட்டோம்." தேர்வாளரிடம் பேசியதையும் அவர் சொன்ன பதிலையும் சொன்னேன். மணிவேல் சொன்னதையும் சொன்னேன்.

"அவன எதுவும் சொல்லிப்போடாதீங்க. அவனுக்கு வயசிருக்குது" என்றார். கீழே நின்றவர், "அண்ணா, அட்டை" என்றார். லோகநாதன் குனிந்து வாங்கிக்கொண்டார். அதற்குமேல் அங்கே எனக்கு வேலை இல்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

பெரிய சம்பளம் கோப்பையை வாங்கித் தருமா என்று இன்றும் கேட்கிறார்கள். பெரும்பாலும் வாங்கித் தரும். நான் இருந்த அணிக்கு வாங்கித் தந்தது. வேறு மாதிரி எழுத எனக்கும் ஆசைதான்.

தோற்ற அணியில் காரணம் தேடுவார்கள். யாரை எடுத்தோம், யாரை விட்டோம் என்று சண்டை போடுவார்கள். நாங்கள் தோற்றிருந்தால் அந்தக் கடைசி வரியைப் பற்றி யாராவது என்னைக் கேட்டிருப்பார்கள். ஜெயித்தோம். அதனால் யாரும் கேட்கவில்லை. சென்னியப்பன் சால்வை போட்டு, அடுத்த சீசனுக்கும் நீங்களே பட்டியல் எழுதுங்கள் என்றார்.

எழுதினேன். ஒரு பெயரை அடிப்பதற்கு முன்னால், அவருக்குப் பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டுக் கேட்பது என் வழக்கமானது. லோகநாதனுக்கு அந்த வருடம் வயது தாண்டியிருந்தது.