பாசலில் ஒரு பூச்சியம்

மே மாதத்துச் சனிக்கிழமை, பகல் ஒன்று பத்து. பேர்ன் நகரின் ஓரத்துப் பூம்ப்ளிஸ் நிலையத்தில் ரயில் ஏறியபோது, ஒரு நாட்டையே தோளில் தூக்கிக்கொண்டு போகிறவள் மாதிரித்தான் நடந்துகொண்டேன். இப்போது நினைத்தாலும் முகம் கூசுகிறது.

போனது பாசலுக்கு. ஐரோப்பிய நாடுகள் நாட்டுக்கொரு பாட்டை அனுப்பிப் போட்டியிடும் யூரோவிஷன், முந்தைய ஆண்டு சுவிஸ் வென்றபடியால் இந்த முறை இங்கே நடந்தது. மண்டபத்துக்குள் போக எங்களுக்கு வழியில்லை. பக்கத்துக் காற்பந்து மைதானத்தில் பெரிய திரையில் பார்க்க உர்சுலாவுக்கு இரண்டு ரிக்கற் கிடைத்தது. உர்சுலா நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் மாடிப் பொறுப்பாளர். ஒன்றை எனக்குத் தந்தார்.

தந்ததற்கும் ஒரு காரணம் இருக்கிறது. போட்டியில் பாதி மதிப்பெண் நடுவர்கள் கையில், மீதி கைத்தொலைபேசியில் வாக்களிக்கும் மக்கள் கையில். ஆனால் யாரும் தான் இருக்கிற நாட்டுக்கு வாக்களிக்க முடியாது. இந்த ஒரு விதிதான் என்னைக் கெடுத்தது. இல்லத்தின் தேநீர் அறையில் ஒருநாள், "எங்கள் பாட்டுக்கு வெளிநாட்டில் யார் போடப்போகிறார்கள்?" என்று உர்சுலா அலுத்துக்கொண்டார். நான் கரண்டியைக் கீழே வைத்தேன். என் தங்கை ஒஸ்லோவில், மச்சான் பாரிசில், பெரியப்பாவின் மகன் லண்டனில், மற்றவர்கள் டென்மார்க், ஒல்லாந்து, ஜெர்மனி என்று கணக்கெடுத்துச் சொன்னேன். குடும்பத்தை இப்படி ஐரோப்பா முழுக்க விதைத்து வைத்திருக்கிற சனம் வேறு எங்கே? "வாக்கை என்னிடம் விடுங்கள்" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். சமையலறைக்காரர் ஒரு கடதாசிக் கொடி கொண்டுவந்து தந்தார். சுவிஸின் சிவப்புப் பாஸ்போர்ட் கிடைத்த அன்றுகூட எனக்கு அவ்வளவு பெருமை இருக்கவில்லை.

பேர்னிலிருந்து பாசல் ஏறக்குறைய நூறு கிலோமீற்றர், ஒரு மணித்தியாலம். பெட்டி முழுக்க மினுமினுப்புச் சட்டைக்காரர்கள். ஓல்ட்டன் தாண்டியதும் தங்கை சாந்திக்கு அழைத்தேன்.

"என்ன அக்கா, நாட்டுக்குப் பிரச்சாரமோ?" என்று சிரித்தாள்.

"ஓமடி. ஒரு ஆளுக்கு இருவது வோட்டு. ஒண்டும் குறையக்கூடாது."

"எனக்கு இண்டைக்குப் பின்னேர வேலை அக்கா. பாப்பம்."

"பாப்பம் எண்டு சொல்லாதை. போடுறன் எண்டு சொல்லு."

"சரி, சரி, போடுறன். அக்கா, எங்கட நோர்வேப் பாட்டுத்தான் முதல்ல வருது. அதைக் கேட்டுப் பாரன்..."

"மறந்துபோடாதை என்ன, சுவிஸுக்கு!" என்றேன். சுரங்கப்பாதை வந்தது. வைத்துவிட்டேன்.

இரண்டரைக்குப் பாசல். நிலையத்தில் ஒரு கோப்பி ஐந்து பிராங் இருபது சதம், அதுவும் கடதாசிக் கோப்பையில். ஊர் முழுக்கக் கொடிகள். டிராமுக்குள்ளே பின்லாந்துக்காரர் பாட, போர்த்துக்கல்காரர் தாளம் போட்டார்கள். பொதுவாக இந்த நாட்டு டிராமில் தும்மினாலே திரும்பிப் பார்ப்பார்கள். அன்று ஓட்டுநரே மணியடித்துச் சேர்ந்துகொண்டார். "நம்மூர்தானா இது!" என்று உர்சுலா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒன்பது மணிக்குப் போட்டி தொடங்கியபோது நான் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்க வரிசையில் நின்றேன். ஒன்பது பிராங். திரும்பி வந்தபோது முதல் இரண்டு பாட்டுகளும் முடிந்திருந்தன. வெகுநேரம் கழித்து எங்கள் பாட்டு வந்தது. பிரெஞ்சில் மெல்லிய பாட்டு. மைதானமே கைபேசி வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்தது. நான் அழுதேன். பக்கத்திலிருந்தவருக்குக் கடதாசிக் கொடியால் குத்தியுமிருக்கிறேன்.

நடுவர் வாக்கில் சுவிஸ் இரண்டாம் இடம். உர்சுலா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். இனி உன் ஆட்கள்தான் என்று அர்த்தம். நான் தலையாட்டினேன்.

பிறகு மக்கள் வாக்கைச் சொன்னார்கள். பூச்சியம்.

குறைவு இல்லை, கொஞ்சம் இல்லை, பூச்சியம். உர்சுலாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. அவர் பாவம், "ஒரு பாட்டுத்தானே" என்று தோளில் தட்டினார். எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. கைபேசியை எடுத்து, முப்பத்தொரு பேர் இருக்கிற குடும்பக் குழுவில் குரல்பதிவு போட்டேன்.

"ஒரு பாட்டுக்குக்கூட உங்களை நம்பேலாது. ஒருத்தருக்கும் ஒரு வோட்டுப் போடக் கை வரேல்லையோ? இவ்வளவு சனத்துக்கு முன்னால என்ர மூஞ்சியில கரி பூசிப்போட்டியள். சாந்தி, நீயுமோ? போடுறன் எண்டு எனக்கு வாயால சொன்னனி. சின்னனிலயிருந்து உனக்கு இதுதானே பழக்கம்!"

தமிழ் விளங்காத உர்சுலா, யாருக்கோ சுகமில்லையாக்கும் என்று நினைத்துத் தண்ணீர் வாங்கித் தந்தார்.

அன்றிரவு உர்சுலாவின் தங்கை வீட்டில் தங்கினோம். ஞாயிறு காலை அவர் தங்கை வெண்ணெய்ப் பின்னல் ரொட்டி சுட்டு வைத்திருந்தார். இரண்டு பேரும் ஒரே கத்தியால் ரொட்டியை வெட்டிக்கொண்டு வம்பளந்தார்கள். என் கைபேசியில் ஒரு பதிலும் இல்லை. எல்லோரும் கேட்டுவிட்ட அடையாளம் மட்டும் விழுந்திருந்தது.

பத்தரை ரயிலில்தான் உர்சுலாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் திகைத்துப்போனார்.

"ராணி, பூச்சியம் என்றால் யாருமே போடவில்லை என்று இல்லையே. ஒவ்வொரு நாட்டிலும் முதல் பத்து இடத்துக்குள் வந்தால்தான் புள்ளி. ஆயிரம் பேர் போட்டும் பதினோராம் இடமென்றால் ஒன்றும் வராது."

முப்பது வருடம் இந்த நாட்டில் இருக்கிறேன், கையில் கொடியோடு போயிருக்கிறேன், விதியில் பாதியைத்தான் கேட்டிருக்கிறேன்.

அந்தச் சுரங்கப்பாதையைத் தாண்டியதும் கைபேசி அதிர்ந்தது. பாரிஸ் மச்சான் வாக்குப் போட்ட ரசீதைப் படமெடுத்து அனுப்பியிருந்தார், ஒரு சொல்லும் எழுதாமல். பிறகு லண்டன். பிறகு டென்மார்க். ஒவ்வொன்றாக வந்தன. யாராவது திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். ஒருவரும் திட்டவில்லை.

கடைசியாகச் சாந்தியின் படம். இருபது வாக்கு. கீழே எழுதியிருந்தாள்:

"கோவிக்காதை அக்கா. வேலையிடத்தில போன் பாக்க விடமாட்டினம். உடுப்பு மாத்துற அறைக்குள்ள ஒளிச்சு நிண்டுதான் போட்டனான். நீயும் எங்கட நோர்வேக்குப் போட்டனிதானே?"

உர்சுலா ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தார். நான் "ஓம்" என்று எழுதி அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. "தெரியும் அக்கா, நீ போடுவாய் எண்டு."

பேர்னில் இறங்கி, பூம்ப்ளிஸ் ரயிலுக்கு மாறி, வீட்டுக்கு வந்து கொடியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். திங்கட்கிழமை இல்லத்தில் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். நாடு தோற்ற வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

இந்தக் கட்டுரை அச்சில் வந்தால் ஒஸ்லோவில் அவள் வாசிப்பாள். சாந்தி, நான் போடவில்லையடி. உன் நாட்டுக்காரர் பாடும்போது நான் பொரியலுக்கு வரிசையில் நின்றேன். திரும்பி வந்த பிறகாவது போட்டிருக்கலாம், இருபது வாக்கும் என் கையில்தான் இருந்தது. ஞாபகமே வரவில்லை.