ஈரம் காய்ந்த கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மனது வைத்தால்தான் எழும். ஒருநாள் பொத்தானைத் தொட்டதும் உறுமும். மறுநாள் எத்தனை அழுத்தினாலும் அசையாமல் கிடக்கும். குடவாசலிலிருந்து வந்த மெக்கானிக் அதன் வயிற்றைத் திறந்து, ஒரு சின்னப் பட்டையை உருவி, என் வாசனை ரப்பரை வாங்கித் தேய் தேய் என்று தேய்த்துத் திரும்பச் செருகினார். ஓடியது. அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் நின்றுவிட்டது. என் ரப்பர் போனதுதான் மிச்சம்.

அக்கா அரசு வேலைத் தேர்வுக்கு விண்ணப்பிக்க இன்னும் இரண்டே நாள் இருந்தது. குடவாசல் இன்டர்நெட் கடையில் போய் அனுப்பிவிடுகிறேன் என்றாள்.

"வீட்டுல ஒண்ணு வாங்கி வெச்சுட்டு கடையில போய் நிப்பியா?" என்று அப்பா மறித்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்க அவர் அப்படித்தான் இருந்தார். கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோன குறுவை நெல்லை, ஈரப்பதம் அதிகம் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். நெல் எங்கள் வாசலில் ரோட்டோரம் தார்ப்பாயில் காய்ந்தது. அப்பா அதைக் காலால் கிளறுவார், ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்ப்பார், யாரோடும் பேசமாட்டார். வீட்டில் எல்லோரும் அடக்கி வாசித்தோம்.

அன்று காலை கம்ப்யூட்டர் பெட்டியருகே குனிந்து மோந்து பார்த்தார்.

"இதுக்கும் அதே வியாதிதான். ஈரம்!"

வயர்களை உருவி, பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் நெல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். ஆடு வாய் வைக்காமல் நெல்லைக் காத்துக்கொண்டிருந்த எனக்குக் கம்ப்யூட்டரும் காவல். வண்டியில் போன ஒருவர் நிறுத்தி, கம்ப்யூட்டரைக் காட்டி, "பதர் எவ்வளவு இருக்குங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பா சிரிக்கவில்லை. நான் சிரித்து முறைப்பு வாங்கினேன்.

உச்சி வெயிலில் பெட்டி உள்ளே வந்தது. "நீங்க தள்ளுங்கப்பா, நான் மாட்டுறேன்" என்று அக்கா மேசைக்கு அடியில் புகுந்தாள். பின்னாலேயே நானும் புகுந்தேன். சுவரில் பிளக் லொடலொடவென்று ஆடியது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தீப்பெட்டி அட்டையைக் கிழித்து மடித்துப் பிளக்கின் அடியில் செருகினாள். ஆட்டம் நின்றது.

அப்பா பொத்தானை அழுத்தினார். எழுந்தது. அணைத்து அணைத்து மூன்று முறை போட்டுப் பார்த்தார். மூன்று முறையும் எழுந்தது.

"பாத்தீங்களா! நல்லாக் காயவெச்சா எதுவும் சரியாப் போயிடும்!"

"அப்பா, அக்கா அட்டையை..." என்று ஆரம்பித்தேன். தொடையில் சுரீரென்று ஒரு கிள்ளு.

"ஆமாப்பா, ஈரந்தான்" என்றாள் அக்கா, முகம் மாறாமல்.

விண்ணப்பம் அப்போதே போனது. அப்பா சாப்பிடும்போது வாய் ஓயாமல் பேசினார், ரசத்துக்கு இரண்டாம் முறை சோறு வாங்கினார். நாளைக்கு நெல்லையும் மறுபடி ஏற்றிவிடலாம் என்றார். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அக்கா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மட்டும் தொடையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னதற்குக் கிள்ளியவளோடு இனி பேசுவதில்லை என்று முடிவெடுத்து, இரண்டு நாள் பேசவும் இல்லை.