சென்னியம்மாள் காட்டுத் தண்ணீர்

சேந்தமங்கலம் வட்டாரத்தில் சென்னியம்மாளுக்கு நிகராகக் கோபப்பட ஆள் கிடையாது. அவள் முறைத்தால் பனைமரத்துக் காக்கை மயங்கி விழும். சரி, மயங்கியெல்லாம் விழாது. பறந்து போகும், அவ்வளவுதான். ஆனால் எண்பத்து மூன்றாம் வருடப் பஞ்சத்தில் அவள் பட்ட கோபத்தைக் கூட்டிச் சொல்ல வேண்டியதே இல்லை.

ஏழு வயதில், அப்பன் வெட்டிய கிணற்றுக்குள் கூடையில் இறங்கி, பாறையிடுக்கில் ஊற்று கண் திறந்ததைப் பார்த்தவள் அவள். அன்று பிளந்த வாய் நாற்பத்தைந்திலும் மூடவில்லை. யார் வயல்காட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி இரைந்தாலும் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடுவாள். புருஷன் இருந்தவரை ஊர் சிரித்தது. அவர் போய் அவள் வெள்ளைச் சேலை உடுத்திய பிறகு அதே ஊர் முகம் சுளித்தது. முதல் தண்ணீர் வரும் இடத்தில் தாலியறுத்தவள் நிற்கக் கூடாதாம்.

இப்போது ரிக் வண்டி வந்து நின்றதோ அவள் காட்டிலேயே. கொழுந்தன் கந்தப்பன் எலுமிச்சம்பழமும் கற்பூரமுமாக முன்னால் நின்றுகொண்டான்.

"அண்ணி, நீங்க ஊட்டுக்குப் போயி ரிக்குக்காரங்களுக்குச் சோறாக்குங்க."

"ஏஞ்சாமி, எங்காட்டுத் தண்ணி என்னயப் பாத்தா பயந்து ஓடிப்போயிருமா?"

"இந்த வயசுல வேடிக்கை என்ன வேண்டிக்கெடக்குது? கொழந்தப்புள்ளையா நீங்க?"

"ஆமா, கொழந்தப்புள்ளதான்! உங்கண்ணன் செத்தா எங்கண்ணும் அவிஞ்சு போவோணுமா? சோறு வேணும்னா நீ போயி ஆக்கு!"

சொல்லிவிட்டுத் துளை போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். துளை இறங்க இறங்க வெறும் கல்தூள்தான் பறந்தது. வெள்ளைச் சேலை சாம்பல் நிறமானது.

"பாத்தீங்களா? எல்லாம் இவங்க உக்காந்திருக்கற ராசி!" என்று கத்திவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனான் கந்தப்பன்.

சென்னியம்மாள் அவன் முதுகை முறைத்தாள். தண்ணீர் வராவிட்டால் சாகும்வரை இந்தச் சொல்லைச் சுமக்க வேண்டும். இப்போதே எழுந்து போய்விட்டால் தப்பித்துக்கொள்ளலாம். போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளங்கையைத் தரையில் வைத்தாள். மண் அதிர்ந்தது. தூள் ஈரமானது, சேறானது. பிறகு தண்ணீர் பீறிட்டது. கோபம் கொஞ்சமும் குறையாமலே எழுந்து, வாயைப் பிளந்து அண்ணாந்து நின்றாள்.

அன்று பந்தியில் கந்தப்பன் ஊராரிடம் பெருமையடித்தான்: "அண்ணிய ஊட்டுக்குத் தொரத்துன பொறவுதானுங்க தண்ணி வந்துச்சு!"

ரிக் ஓட்டிய சின்னுசாமி சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"இல்லீங்க. மொதல்ல நனஞ்சதே அந்தம்மாதான். நீங்கதான் வேப்பமரத்தடியில தூங்கிட்டிருந்தீங்க."