நாற்பத்தெட்டுக் கையெழுத்துகள்

பள்ளிப் பாதிரியாருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பட்டன் ஃபாதர். சட்டையில் பட்டன் இல்லாத பிள்ளையைக் காலை வரிசையிலிருந்து இழுத்துத் தனியாக நிறுத்துவதற்கு அந்தத் தொடக்கப்பள்ளியில் ஒழுக்கம் என்று பெயர். பட்டன் எப்படிப் போனது, வீட்டில் தைத்துக் கொடுக்க ஆள் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. இவர் அங்கிப் பையில் ஊசி, நூல், ஒரு மருந்து டப்பா நிறையப் பட்டன் வைத்துக்கொண்டு, மணி அடிப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே வாசலில் நிற்பார். இருபத்திரண்டு வருடம் நின்றார். கடவுள் விஷயத்தில் அவரும் நானும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. அந்த ஊசி விஷயத்தில் தகராறே கிடையாது.

"உங்க ஆண்டவர் இதையெல்லாம் பார்த்துட்டுச் சும்மாதானே இருக்கார், ஃபாதர்?" என்று ஆசிரியர் அறையில் ஒருமுறை கேட்டேன்.

"அவரை விடுங்க சார். நீங்களும் சும்மாதானே இருக்கீங்க?" என்று சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்தார்.

அறுபத்தாறு வயதில், முட்டி தேய்ந்துபோய், அவர் ஓய்வுபெற்றது ஒரு வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்கு வழியனுப்பு விழா. காலையில் அவர் தன் அறையைக் காலி செய்துகொண்டிருந்தார். அலமாரி மேலிருந்த பெட்டிகளை இறக்கிக் கொடுக்க நான் போயிருந்தேன். பள்ளியைப் பெருக்கித் துடைக்கும் ஆயா கையில் ஒரு காகிதத்தோடு வந்து கதவருகே நின்றார்.

"ஃபாதர், இது உங்க கையெழுத்துதானே?"

ஐந்தாம் வகுப்பு முடித்த அவர் மகளின் மாற்றுச் சான்றிதழ் அது. நடத்தை என்ற கட்டத்தில் 'கை சுத்தமில்லை. கண்காணிக்க வேண்டும்' என்று எழுதியிருந்தது. கீழே பாதிரியாரின் கையெழுத்து. எங்கள் பள்ளியில் சான்றிதழை எழுதுவது தலைமையாசிரியை, கையெழுத்துப் போடுவது பாதிரியார். பெரிய பள்ளியில் சேர்க்கை திங்கட்கிழமை. இந்தக் காகிதத்தைப் பார்த்தால் எவன் சேர்ப்பான்? ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. மகள்தான் வாசித்துக் காட்டியிருக்கிறாள். தான் திருடி என்பதைப் பத்து வயதுப் பிள்ளை தன் வாயால் அம்மாவுக்கு வாசிக்க வேண்டியிருந்தது.

கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். மூன்று மாதத்துக்கு முன்பு ஓர் ஆசிரியையின் கைக்கடிகாரம் காணாமல் போனது. பள்ளி விட்ட பிறகும் அம்மாவுக்குத் துணையாகப் பெஞ்சு துடைக்க நிற்பவள் இந்தப் பெண். பழி அவள் தலையில் விழுந்தது. எட்டு நாள் கழித்துக் கடிகாரம் பாட்டு அறை அலமாரியில், அந்த ஆசிரியை கழற்றி வைத்த இடத்திலேயே கிடைத்தது. பிள்ளையிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு டாக்டர் வீட்டுப் பெண்ணாக இருந்திருந்தால் நிர்வாகமே அவர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கும்.

பாதிரியார் காகிதத்தை வெகுநேரம் பார்த்தார்.

"புதன்கிழமை நாப்பத்தெட்டு சான்றிதழ் கொண்டுவந்து வச்சாங்கம்மா. முட்டி வலிக்கு மாத்திரை போட்டிருந்தேன், தூக்கமா வந்துச்சு. ஒண்ணைக்கூடப் படிக்கல. வரிசையா போட்டுத் தள்ளிட்டேன்."



தலைமையாசிரியை நிர்வாக அலுவலகத்திலிருந்து திரும்பவே இரண்டரை ஆகிவிட்டது. அவர் அறைக்கு நானும் கூடப் போனேன்.

"இன்னைக்கு உங்க விழா, ஃபாதர். இதைத் திங்கட்கிழமை பார்த்துக்கலாமே."

"திங்கட்கிழமை என் கையெழுத்து செல்லாது மேடம்."

"ரிஜிஸ்டர்ல ஏத்தியாச்சு. அடிச்சு எழுதினா இன்ஸ்பெக்‌ஷன்ல கேள்வி வரும்."

"வந்தா, கிழவன் தூக்கக் கலக்கத்துல போட்டுட்டான்னு சொல்லுங்க. உண்மைதானே."

"வாட்ச்தான் கிடைச்சிடுச்சே, அப்புறம் எதுக்கு மேடம் இப்படி எழுதினீங்க?" என்று நான் கேட்டேன்.

"அது வாட்ச் காணாமப் போனப்பவே ரிஜிஸ்டர்ல எழுதி வச்சது சார். மாத்த மறந்துபோச்சு."

ஒரு பிள்ளையின் மானம், மறந்துபோகிற அளவுக்குச் சின்ன விஷயமாக இருந்திருக்கிறது.

மூன்று மணி அடித்தது. பாதிரியார் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"எல்லாரும் காத்துட்டு இருக்காங்க. எழுந்திருங்க ஃபாதர்."

"முட்டி தகராறு பண்ணுது மேடம். உட்கார்ந்தா லேசுல எழுந்திருக்க விடாது."

கூடத்தில் பிள்ளைகள் வழியனுப்புப் பாட்டைப் பாடி முடித்தார்கள். ஆள் வராததால் மறுபடியும் பாடினார்கள். மூன்றாவது தடவை பாட்டு எங்கெங்கோ போனது. மேடையில் உட்கார்ந்திருந்த நிர்வாகத் தலைவர் இரண்டு முறை ஆள் அனுப்பினார். கடைசியில் தலைமையாசிரியை ஒரு வெற்றுப் படிவத்தை உருவி எடுத்து எழுதினார். ரிஜிஸ்டரிலும் பழைய வரியை அடித்தார்.

பாதிரியார் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"நன்றுன்னு எழுதியிருக்கீங்க. மத்த பிள்ளைங்களுக்கு?"

"மிக நன்று."

"இதுலயும் அந்த மிகவைப் போட்டுடுங்க."

போட்டார். இவர் இன்னொரு முறை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

மேடையில் அவருக்குப் பத்து நிமிடம்கூட மிச்சமில்லை. வெளியே வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. எழுதி வைத்திருந்த நன்றியுரையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"அந்த வாட்சை ஆயா பொண்ணு எடுக்கல. யாருமே எடுக்கல. பழியை ஊரறியப் போட்டோம், இல்லைங்கறதை வாய்க்குள்ளயே வச்சுக்கிட்டோம். அதனால இங்க சொல்றேன். அவ சான்றிதழ்ல தப்பா எழுதியிருந்ததைப் படிக்காம கையெழுத்துப் போட்டவன் நான். அவகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன். நல்லா இருங்க எல்லாரும்."

கைதட்டலாமா என்று பிள்ளைகள் ஆசிரியர்களைப் பார்த்தார்கள். ஆசிரியர்கள் தரையைப் பார்த்தோம். நான்காம் வரிசையில் அந்தப் பெண் மட்டும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு பாதிரியார் கூடத்தின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். புதுச் சான்றிதழை ஆயாவிடம் நீட்டினார். ஆயா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, மடிக்காமல் ஜன்னல் திண்டில் வைத்தார்.

"முதல்லயே படிச்சிருக்கலாம், ஃபாதர்."

"படிச்சிருக்கணும்மா."

ஆயா துடைப்பத்தை எடுத்தார். வரிசை வரிசையாகப் பெருக்கிக்கொண்டு பாதிரியாரின் பெஞ்சுக்கு வந்தார்.

"கொஞ்சம் காலைத் தூக்குங்க."

அவர் இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்து ஒவ்வொரு காலாகத் தூக்கினார்.