ஐஸ்காரருக்கு வெந்நீர் ஒத்தடம்

இஸ்திரியக்காவின் மகள் கடையிலிருந்து ஓர் ஒத்தடப் பை வாங்கி வந்திருக்கிறாள். ஃப்ரிட்ஜில் வைத்தால் குளிரும், வெந்நீரில் போட்டால் சுடும். அக்கா அதற்குப் 'பச்சோந்தி' என்று பேர் வைத்துவிட்டாள். கழுத்து பிடித்துக்கொண்டால் குறை சொல்லிக்கொண்டே அதைத்தான் எடுத்து வைத்துக்கொள்கிறாள். நல்ல பைதான். ஆனால் அது கழுத்தில் பட்டதும் பழைய மூன்றாம் மாடி அறை ஞாபகத்துக்கு வந்துவிடும், போய்ச்சேர்ந்த மனுஷனும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்வார்.

அந்த அறையில் குடியிருந்த காலத்தில் அவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டாள். அவள் புருஷன் ஐஸ் கம்பெனியில் பெரிய பெரிய ஐஸ் பார்களைத் தூக்கினார். பகலெல்லாம் இவள் சூட்டில் வேக, அவர் குளிரில் விறைக்க, சாயங்காலம் ஆளுக்கொரு வலியோடு படியேறுவார்கள். கல்யாணம் பேசியவர்கள் எதையெதையோ துருவித் துருவி விசாரித்தார்கள், இதை மட்டும் விசாரிக்கவில்லை. ஆனாலும் ஜாடிக்கேற்ற மூடியாகத்தான் அமைந்தது. அவர் சாக்கில் பொதிந்து கொண்டுவரும் ஐஸ் துண்டை அவள் துணியில் சுற்றி, இடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் வைத்துச் சாய்ந்துகொள்வாள். அவர் அவள் மடியில் தலை வைத்துக் குப்புறப் படுப்பார். வெந்நீரில் துண்டை முக்கிப் பிழிந்து, தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, அவர் பிடரியில் போடுவாள்.

ஊர்க்கதை, வீட்டுக்கதை எல்லாம் அந்த நேரத்தில்தான். மேஸ்திரியின் கோபம், விரிப்பில் போகாத கறை, கீழ்வீட்டுக்காரரின் குறட்டை. சண்டை போட்டு முகம் கொடுக்காத நாட்களிலும் ஒத்தடம் நின்றதில்லை. "சூடு போதுமா?" "இன்னும் கொஞ்சம்." அந்த இரண்டு பேச்சிலேயே பாதிச் சண்டை கரைந்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். வீட்டில் ஐஸ் அவர்மேல் படக்கூடாது.

"நாள் பூரா அதோடதான் மல்லுக்கட்டுறேன். வீட்டுக்கு வந்தும் அது மூஞ்சியிலயே முழிக்கணுமா?" என்பார். குடிக்கிற தண்ணீரைக்கூட வெதுவெதுப்பாகத்தான் கேட்பார்.

அப்படியிருக்கும்போது கம்பெனியில் மெஷின் ரூம் ஆள் வேலையை விட்டுப் போனார். "திங்கக்கிழமை வந்து நில்லு. அந்த இடம் உனக்குத்தான். வரலைன்னா அடுத்த ஆளைப் போட்டுடுவேன்" என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். மெஷினைப் பார்த்துக்கொள்ளும் வேலை, இனிமேல் தூக்குகிற சோலி இல்லை. அவரைவிட அவளுக்குத்தான் கால் தரையில் படவில்லை. அந்தக் கழுத்து வருஷா வருஷம் கல்லாகிக்கொண்டு வந்தது அவள் விரலுக்குத்தானே தெரியும்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. வியாழக்கிழமை ஈரத்தரையில் வழுக்கிய பாரை எட்டிப் பிடிக்கப் போய், அவருக்கு நடு முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டு பேர் தாங்கிப் பிடித்து மாடியேற்றி விட்டுப் போனார்கள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். வலி பெரிதாக இருக்கிறதே என்று துண்டையும் பெரிதாக எடுத்தாள், சூட்டையும் கூட்டினாள். அவரும் "இன்னும் சூடா வெய்யி, இன்னும் சூடா" என்று கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டார். காலையில் பார்த்தால் முதுகு வீங்கிக் கிடந்தது. புரண்டு படுக்கவும் முடியவில்லை.

சலவைக்கூடத்துக்கு விரிப்பு வாங்க வந்த எலும்பு வார்டு நர்ஸ் விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ரொம்ப நாள் இறுக்கத்துக்குத்தான்க்கா சூடு. புதுசா பிடிச்சுக்கிட்டா முதல் ரெண்டு நாள் ஐஸ்தான் வெக்கணும். சூடு வெச்சா வீக்கம் ஏறும். ஐஸ்காரர் வீட்டுல ஐஸுக்கா பஞ்சம்?"

அக்காவுக்கு முகம் சுருங்கிப்போனது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதையாகிவிட்டதே என்று, கம்பெனிக்குப் போய் ஐஸ் வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். அவர் சாக்கைப் பார்த்ததுமே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"திங்கக்கிழமை நீங்க நிக்கணுமா, வேண்டாமா?"

"நிக்கணும். ஆனா அது வேணாம்."

இந்த மனுஷனோடு வாதாடுவதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்றுதான். ஐஸை உடைத்து வாளித் தண்ணீரில் போட்டாள். இரண்டு கையையும் மணிக்கட்டு வரை விட்டு, மரத்துப்போகும்வரை வைத்திருந்து, எடுத்துத் துடைத்து அவர் முதுகில் வைத்தாள்.

"இது ஐஸ் இல்ல, என் கை. இதையும் வேணாம்பீங்களா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கை சூடேறியதும் மறுபடி வாளி, மறுபடி முதுகு. பகலெல்லாம் இஸ்திரிப்பெட்டி பிடித்த கை அது, அந்தக் குளிர் எலும்பு வரை குடைந்தது. அவர் கண்மூடிக் கிடக்கிற தைரியத்தில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை வீக்கம் கொஞ்சம் வடிந்து, அவர் தானாகவே புரண்டார். புரண்டவர் கண்ணில் பட்டது, அவள் விரல்களை வாயருகே வைத்து ஊதிக்கொண்டிருந்தது. சிவந்து, தோல் வெடித்து, மடக்க முடியாத விரல்கள். ஒரு நிமிஷம் பார்த்தார்.

"அறிவிருக்கா உனக்கு?" என்றார். "அந்தச் சனியனையே துணியில சுத்தி வெச்சுத் தொலை."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

திங்கட்கிழமை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். போய் நின்றார். மெஷின் ரூம் வேலை கிடைத்துவிட்டது.

மெஷின் ரூம் என்பது சூட்டில் அடுப்படி மாதிரி. கொஞ்ச நாளில் முதுகு சரியாகிவிட்டது. சாயங்காலம் அவர் வேர்த்து வழிந்தபடி வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். பழக்கதோஷத்தில் அவள் வெந்நீரோடு வந்தால், "ஐயோ, ஏற்கெனவே வேகுது. வேணாம்மா" என்பார். காற்று வாங்கியதும் கீழே கடைப்பக்கம் போய்விடுவார். கழுத்து நன்றாகத் திரும்பியது. அவள் வேண்டிக் கேட்டதும் அதைத்தானே. ஆனால் ஐஸ் துணியோடு சுவரில் சாய்ந்தால் மடி காலியாக இருந்தது. பேச வேண்டியவை பேசாமலே தங்கின. வலி போனதற்கு வருத்தப்படுகிற ஜென்மம் உலகத்தில் உண்டா என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

ஒரு மழைநாள் சாயங்காலம் அவர் கீழே போகவில்லை. அறைக்குள் இரண்டு நடை நடந்தார். பிறகு அவள் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்து, பிடரியைத் தடவிக்கொண்டார்.

"கழுத்து லேசா பிடிச்ச மாதிரி இருக்கு."

அவள் விரலால் அழுத்திப் பார்த்தாள். பிசைந்த மாவாக மெத்தென்று இருந்தது. ஒரு முடிச்சு கிடையாது.

"எந்த இடம்?"

"அங்கதான். இன்னும் கொஞ்சம் தள்ளி."

அவள் தள்ளி அழுத்தினாள். அங்கேயும் ஒன்றுமில்லை. அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்து போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.